கே. பி. ஜானகி அம்மையார்

நூல் எழுதிப் புகழ் கொண்டாரை அவர்தம் நூல் காட்டும். கோயில் எடுத்தாரைக் கல்லும் சாசனமும் காட்டும். நாடு ஆண்டாரைச் சரித்திரம் காட்டும். குரல் ஒன்றையே கருவியாகக் கொண்டு ஊர்தோறும் சென்று மக்களை எழுப்பினாரை எது காட்டும்? பாடிய பாட்டு அன்றிரவே காற்றோடு கலந்துவிடுகிறது. கேட்டவர் இருக்குமளவும் அவர் நெஞ்சில் அஃது இருக்கும். அவர் மறைந்த பின் அதுவும் மறையும். ஆதலின் இத்தகையோர் வாழ்க்கையை எழுதிவைத்தல் பின்வந்தோர் கடனாகின்றது. அக்கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்க்கும் எண்ணத்தோடு, மதுரை மண்ணிற் பிறந்து, மதுரையின் நாடக மேடையில் வளர்ந்து, மதுரைச் சீமைப் பெண்டிரும் உழவரும் அம்மா என்றே அழைத்த ஜானகி அம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

இவ்வரலாற்றைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆப்பிரிக்க நாட்டுப் பெண்டிர் தம் உரிமைக்கு வாதாடுங்காற் கைப்பேசியையும் இணையத்தையும் எவ்வாறு கையாளுகின்றனர் என்பது இந்நாளில் அறிஞர் பலரால் ஆராயப்படுகின்றது. அதைப் படிக்கும் மாணவர், பெண்ணின் குரல் ஊர் கடந்து செல்லத் தொடங்கியதே இக்கருவிகள் வந்த பின்னர்த்தான் என்று எண்ணிவிடுதல் கூடும். அது முழுதும் பொருந்துவதன்று. மின்கம்பி நுழையாத ஊர்களிலும் பெண்ணின் சொல் ஊர் விட்டு ஊர் சென்றதுண்டு. எப்படிச் சென்றது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பதை நம் ஊரிலேயே காணலாம்.

அந்நாளில் செய்தி சென்ற வழி

அம்மையார் பிறந்தது 1917 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள். அதே ஆண்டிலேதான் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் ஸ்திரீ தர்மம் என்னும் பத்திரிகையை நடத்தினர். 1925 முதல் வை. மு. கோதைநாயகி அம்மையார் ஜகன்மோகினி என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தம் பொறுப்பில் நடத்தி வரலானார். சென்னை மாகாணச் சட்டசபையார் 1921 இற் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கினர். ஆயினும் அது சொத்துடையார்க்கே பயன்பட்டது. இவை யாவும் பெரும்பேறுகளே. ஆனால் இவற்றின் பயன் எழுத்தறிந்த மாதர்க்கே முதலிற் சென்றது. வையைக் கரையில் நாற்று நடும் பெண்ணுக்கும், ஆலைச் சங்கு ஊதுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சும் பெண்ணுக்கும் பத்திரிகை என்பது கடையிற் பொட்டலம் கட்டும் தாளாகவே இருந்தது. படிக்கத் தெரிந்த ஆடவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாள் வழக்கம். அங்கும் பெண்கள் சென்று அமர்வதில்லை. வானொலியோ எனின், சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பெற்றதே 1938 இல்.

பெண்டிர் பெருந்திரளாக வந்து, விடியுமளவும் அமர்ந்து, கண்ணாலும் செவியாலும் பிறர் சொல்லை வாங்கிக்கொண்ட இடம் ஒன்று இருந்தது. திருவிழா இரவில் ஊர்ப் பொட்டலில் நடக்கும் நாடகமே அது. கைக்குழந்தையை மடியில் இட்டுக்கொண்டு, கோரைப்பாயை விரித்து, ஒருபுறமாக அமர்ந்து அவர்கள் கேட்டனர். வள்ளி திருமணமும், கோவலனும், அரிச்சந்திராவும் அவர்களுக்கு மனப்பாடம். மதுரை இக்கலையின் தலைநகராக விளங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் இந்நகரிலேதான் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றை அமைத்தார். நாடக நடிகர்க்கெனச் சங்கம் ஒன்றும் 1923 இல் இங்கே தோன்றியது.

ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற நாடகத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். நாயகன் ஓரூரினின்றும், நாயகி மற்றோரூரினின்றும், ஹார்மோனியக்காரர் வேறோரூரினின்றும் வந்து ஒரே இரவில் மேடையிற் கூடுவர். முன்னொத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லார்க்கும் தெரியும். இடையில் நிகழும் தர்க்கமோ அவரவர் சமயோசித புத்தியால் எழுவது. அரசாங்கத்தார் 1876 ஆம் ஆண்டிலேயே நாடகங்களை அடக்கச் சட்டம் செய்திருந்தனர். ஆனால் எழுதிய நாடகத்தைப் படித்துப் பார்த்துத் தடுக்கலாமேயன்றி, எழுதாத சொல்லை முன்னரே தடுப்பது எங்ஙனம்? தினைப்புனத்திற் கிளி ஓட்டும் வள்ளி, பயிரைத் தின்ன வரும் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால், கேட்டவர்க்கு எந்த வெள்ளையன் என்பது விளங்கிவிடும். நாட்டு விடுதலைச் செய்தி இவ்வழியே எழுத்தறியாதார் செவிக்கும் எட்டியது.

பிறப்பும் பயிற்சியும்

ஜானகி அம்மையாரின் தந்தையார் பத்மநாபன், தாயார் லட்சுமி. அவர்கட்கு இவர் ஒரே மகவு. இளமையிலேயே தாயை இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வறுமை படிப்பை நிறுத்திற்றாயினும், அவருக்கு வாய்த்திருந்த குரலை நிறுத்த அதனால் இயலவில்லை. இசை பயின்றார். பன்னிரண்டு வயதளவில் பழனியாப்பிள்ளை என்பார் நடத்திய நாடகக் கம்பெனியில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்திற் சேர்ந்தார்.

கம்பெனி வாழ்க்கை எளியதன்று. ஊர் ஊராகப் பிரயாணம், இரவெல்லாம் விழிப்பு, பகலிற் பாடம். ஒலிபெருக்கி எங்கும் பரவாத காலத்தில், திறந்த வெளியில் அமர்ந்த திரளின் கடைசி வரிசை வரையிற் குரல் சென்றாக வேண்டும். மூச்சை எங்கே அடக்குவது, எச்சொல்லை ஓங்கி எடுப்பது, கூட்டம் சலிக்கும்போது எதைப் பாடி அதைத் திருப்புவது என்பன எல்லாம் அங்கே கற்கப்படும். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் முன்னின்று அம்மையார் அஞ்சாது பேசியதற்கு, இப்பயிற்சியே அடிப்படையாயிற்று என்று கருதுகின்றோம். நாளடைவில் நாயகி வேடம் அவருக்கு உரியதாயிற்று. ஒரு நாடகத்துக்கு 300 ரூபாய் பெறும் நிலைக்கு உயர்ந்தார். அந்நாளில் அது சிறு தொகையன்று. அக்கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்துவந்த குருசாமி என்பாரை மணந்துகொண்டார். மேடையில் அவர் பாட்டுக்குச் சுருதி கூட்டியவரே வாழ்க்கையிலும், பின்னர் அரசியலிலும் துணையாயினார்.

விசுவநாத தாசருடன்

அக்காலத்து நாடக மேடையில் விடுதலை உணர்ச்சியை ஊட்டியவருள் முதன்மையானவர் விசுவநாத தாசர். சிவகாசியில் 1886 இற் பிறந்து, மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வெள்ளைக் கொக்குப் பாட்டால் நாடெங்கும் பெயர் பெற்றவர். பன்முறை சிறை புகுந்தவர். 1940 ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு சென்னையில், முருகன் வேடம் பூண்டு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலே மேடையிலேயே உயிர் நீத்தவர்.

இத்துணைப் பெரியார்க்கும் ஓர் இடையூறு இருந்தது. அவர் மருத்துவர் குலம் எனப்படும் நாவிதர் குலத்திற் பிறந்தவர். தம்மை உயர்ந்த குலத்தினராகக் கருதிய நடிகையர் பலர் அவரோடு நாயகியாக நடிக்க மறுத்தனர். மேடையில் அவர் முருகன். மேடையின் பின்புறத்திலோ தீண்டத் தயங்கும் மனிதர். நாட்டின் விடுதலையைப் பாடும் வாய்க்கு உடன்பாடும் துணை கிட்டாத நிலை. அந்நிலையில் ஜானகி அம்மையார் அவரோடு நாயகியாக நடிக்க முன்வந்தார்.

இது சிறு செயல் போலத் தோன்றும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள். அந்நாள் வரையில் இந்நகரில் வாயில்கள் எவ்வாறு அடைபட்டிருந்தன என்பதை நினைப்பின், இளம்பெண் ஒருத்தி, பிழைப்பே பிறர் மதிப்பிற் கட்டுண்ட தொழிலில் இருந்துகொண்டு, இம்முடிவு செய்ததன் அருமை விளங்கும். சபைகளின் அழைப்புக் குறையலாம். உடன் நடிப்பார் விலகலாம். அம்மையார் அதைப் பொருட்படுத்திலர். பின்னாளில் அவர் செய்த தியாகங்கட்கெல்லாம் இதுவே கால்கோள் எனலாம்.

நாடக மேடையினின்றும் அரசியல் மேடைக்கு

1936 இல் அம்மையார் காங்கிரசில் ஈடுபட்டார். அந்நாட் பொதுக்கூட்டங்களில் முதலிற் பாட்டும் பின்னர்ப் பிரசங்கமும் நிகழும். பாட்டுக்காகவே கூட்டம் சேரும்; சேர்ந்த கூட்டம் பிரசங்கத்தையும் கேட்டுச் செல்லும். பாடுவதற்கென மேடையேற்றப்பட்ட அம்மையார், பாட்டு முடிந்தவுடன் இறங்கிவிடவில்லை. தாமே பேசவும் தொடங்கினார். பாடகியாக ஏறியவர் பிரசங்கியாக நின்றார்.

இம்மாற்றத்தின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். பெண் ஒருத்தி பாடினால் ஊர் கேட்கும். ஆடினால் ஊர் பார்க்கும். பேசினால் ஊர் பொறாது. அதிலும் நாடகக்காரி பேசினால், அவள் சொல்லை ஆராயுமுன் அவள் தொழிலை ஆராய்வார் பலர். கற்ற குடும்பத்து மாதர் மேடையேறியபோது அவர்கட்குக் குடிப்பெயரும் கல்விப் பட்டமும் அரணாயின. அம்மையார்க்கு அவ்வரண் இல்லை. எந்தத் தொழிலைக் காட்டி ஊர் இகழ்ந்ததோ, அந்தத் தொழில் தந்த குரலையே அவர் அரணாக்கிக்கொண்டார். அவர் மேடையேறியதனால், கூட்டத்திற்கு வரக் கூசிய பெண்டிரும் துணிந்து வந்திருத்தல் இயல்பே. தம்மைப்போலப் பேசும் ஒருத்தி மேலே நிற்கக் கண்டால், கீழே நிற்பார்க்கும் நாணம் அகலுமன்றோ?

காங்கிரசினுள்ளே சோஷலிஸ்டுக் கொள்கை கொண்டார் 1934 இல் தனிக்கட்சியாக ஒன்று கூடியிருந்தனர். அம்மையாரும் அவர் கணவரும் அக்கட்சியைச் சார்ந்து, 1940 இற் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தனர். அக்கட்சியின் கொள்கை நம்முட் சிலர்க்கு உடன்பாடாகலாம், சிலர்க்கு மாறாகலாம். கல்லூரி மலர் அவ்வழக்கைத் தீர்க்கும் மன்றமன்று. ஒருவர் தாம் மெய்யெனக் கொண்டதற்காக எத்துணை இழக்கத் துணிந்தார் என்பதே ஈண்டு நாம் நோக்குவது.

சிறைவாசமும் தியாகமும்

1939 ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. இந்தியரைக் கலந்து கேளாமலே இந்நாட்டை யுத்தத்திற் சேர்த்த ஆங்கில அரசாங்கத்தார், எதிர்த்துப் பேசுவாரை அடக்க இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையாண்டனர். நாடக மேடையில் வெள்ளைக் கொக்கு என்று மறைத்துப் பாடிய காலம் போயிற்று. அம்மையார் யுத்த எதிர்ப்பைப் பொதுமேடையில் வெளிப்படையாகப் பேசினார், கைது செய்யப்பட்டார். அச்சட்டத்தின்கீழ்த் தென்னாட்டிற் சிறைப்பட்ட முதற் பெண்மணி என்று அவரைக் கூறுவர்.

அக்காலத்து மதுரை கொதித்துக்கொண்டிருந்தது. நம் நகரின் அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற என். சங்கரையா என்னும் மாணவர், 1941 இற் பட்டத் தேர்வு நெருங்கிய வேளையிற் கைதாகிச் சிறை சென்றார். ஒருபுறம் கல்லூரி மாணவர். மற்றொருபுறம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாடக நடிகை. இருவரையும் ஒரே காலத்திற் சிறை ஏற்றது. கல்வி வேறு, துணிவு வேறு என்பதும், இரண்டும் ஒருங்கே வாய்ப்பின் நலம் என்பதும் இதனால் அறியலாம்.

சிறைவாசம் தியாகத்தின் ஒரு பகுதியே. சிறைக்கு வெளியே அம்மையார் இழந்தவை வேறு. ஒரு நாடகத்துக்கு 300 ரூபாய் வாங்கிய கைகள் அவ்வருவாயைத் துறந்தன. மேடையிற் சம்பாதித்த நகைகளும் பட்டுச் சேலைகளும் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு இயக்கத்தின் செலவுக்காயின. நம் நாட்டிற் பெண்ணுக்கு நகை என்பது அணி மட்டுமன்று. நாளைக்கு நலிவு வந்தால் அதுவே அவள் வைப்புநிதி. மகப்பேறும் வாய்க்காத நிலையில், முதுமையைத் தாங்க வேறு பற்றுக்கோடு இல்லாதார் அவ்வைப்பையும் கொடுத்துவிட்டனர் எனின், அவர் தம் நாளையை மக்களிடத்து ஒப்படைத்தார் என்றே கொள்ளல் வேண்டும். மக்களும் அவரைத் தாயாகவே கொண்டனர்.

வயற்புறத்திற் செய்த பணி

மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் வாழ்வு நீரினால் ஆயது. மேற்கே ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து 1895 இல் வையைக்குத் திருப்பியபின், இப்பகுதியின் நிலங்கள் நெல் விளையும் நிலங்களாயின. நிலத்தின் விலை உயர்ந்தது. ஆனால் உழுவார் நிலை அவ்வளவில் உயரவில்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் பெருநிலக்கிழார்க்கும் உரிய வயல்களை வாரத்துக்கு உழுதவர், விளைவிற் பெரும்பகுதியைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு வீடு திரும்பினர். எந்நேரமும் நிலத்தினின்றும் வெளியேற்றப்படலாம் என்னும் அச்சமும் அவரோடு வீடு திரும்பிற்று.

அம்மையார் இவ்வூர்களில் நடந்தார். நகரின் மேற்கே வையைக்கரையில் உள்ள துவரிமானில் உழவர் நிலவுரிமைக்காகக் கிளர்ந்தபோது அவர்களோடு நின்றார். நாடக மேடையிற் கற்ற வித்தை இங்கும் பயன்பட்டது. குடியானவர் கூட்டத்திற் சட்டத்தின் பெயரையும் பிரிவையும் எடுத்தோதினால் எவர்க்கும் விளங்காது. அவர்கள் அறிந்த மெட்டில், அவர்கள் அறிந்த சொல்லில், அவர்கள் வயலின் நெல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு கூறினாற் குழந்தைக்கும் விளங்கும். செய்தியைக் கொண்டு செல்லும் கருவி எதுவாயினும், கேட்பவர் மொழியை அறியாதார் கையில் அஃது ஊமையே என்பதை நாம் இதனாற் கற்கின்றோம்.

சட்டசபையில்

1967 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் இம்மாநிலத்தின் ஆட்சியை மாற்றியது. அத்தேர்தலில் மார்க்சிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் மதுரை கிழக்குத் தொகுதியினின்றும் ஜானகி அம்மையார் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மதுரை மேற்கில் வென்றவர், முன்னர்க் கூறிய சங்கரையா. மதுரைப் பாராளுமன்றத் தொகுதியில் வென்றவர் பி. ராமமூர்த்தி. யுத்த காலத்தில் அரசாங்கத்தின் பகையாளிகளாகக் கருதப்பட்டுச் சிறைக்கதவை அறிந்தவர், கால் நூற்றாண்டு கழியச் சட்டம் செய்யும் மன்றத்தில் அமர்ந்தனர்.

1921 இற் சொத்துடைய பெண்ணுக்கு வாக்குச் சீட்டு வந்தது. 1967 இற் சொத்தையெல்லாம் விற்றுவிட்ட பெண்ணுக்கு ஆசனமே வந்தது. இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளின் மாறுதலை அளக்க வேறு அளவுகோல் வேண்டுவதில்லை.

மாதர் சங்கம்

ஆயினும் அம்மையாரின் பணிகளுள் நிலைபெற்றது எது என்று நம்மைக் கேட்பின், ஆசனத்தைச் சொல்லமாட்டோம், சங்கத்தைச் சொல்வோம். 1970 களின் முற்பகுதியில், பொன்மலைத் தொழிலாளர் இயக்கத்திற் பயின்று வந்த பாப்பா உமாநாத் முதலியோருடன் சேர்ந்து தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். பின்னர் 1981 இற் பல மாநிலத்து மாதரும் சென்னையிற் கூடி அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

சங்கம் எதற்கு? ஒரு குரல் எத்துணை ஓங்கி ஒலிப்பினும் ஒரு மூச்சின் அளவே நீளும். அக்குரலைக் கேட்டவர் ஒன்றுகூடித் தமக்கெனப் பெயரும், ஏடும், கூட்டமும், சந்தாவும் அமைத்துக்கொண்டால், பாடியவர் ஓய்ந்த பின்னும் பாட்டு ஓயாது. வரதட்சிணைக் கொடுமை, கூலியில் வேற்றுமை, குடிநீர், கூப்பனரிசி என்று ஒவ்வொரு தெருவிலும் பெண்ணை வாட்டும் துன்பம் ஒவ்வொருத்தியின் தலைவிதியாகத் தோன்றும். பலர் கூடிப் பேசியபோதுதான் அது பொதுவழக்கு என்பது புலனாகும். மேடையில் ஒருத்தி பேசப் பலர் கேட்ட நிலையினின்றும், பலர் பேச ஒருவரையொருவர் கேட்கும் நிலைக்கு மாதரைக் கொண்டுசென்றதே அம்மையாரின் கடைசிப் பெரும்பணி. 1992 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தமது எழுபத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

ஆப்பிரிக்க மாதரும் நம் அம்மையாரும்

தொடக்கத்தில் ஆப்பிரிக்க மாதரைக் குறிப்பிட்டோம். அம்மையார் நாடகக் கம்பெனியிற் சேர்ந்த காலத்தை ஒட்டி, 1929 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில், நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் ஒரு பெருங்கிளர்ச்சி எழுந்தது. பெண்கள்மீதும் அரசாங்கத்தார் வரி விதிக்கப் போகின்றனர் என்னும் அச்சமே அதன் காரணம். அங்குள்ள இக்போப் பெண்டிர்க்குத் தந்தியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. எண்ணெய்ப் பனையின் ஓலையை ஓரூரார் மற்றோரூரார்க்கு அனுப்பினர். பெற்றவர் அடுத்த ஊர்க்கு அனுப்பினர். ஓலை போக்குதல் என்னும் நம் பழஞ்சொல் அங்கே கண்கூடாயிற்று. ஆயிரக்கணக்கான மாதர் திரண்டு, அரசாங்கத்தார் அமர்த்திய தலைவர் வீடுகளின் முன்னே பாடியும் ஆடியும் முற்றுகையிட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதின்மேற்பட்ட பெண்டிர் உயிரிழந்தனர்.

அந்நாட்டிலேயே அபேயோகுட்டா என்னும் நகரில் 1900 இற் பிறந்த பன்மிலாயோ ரான்சம் குட்டி என்னும் அம்மையார் ஆசிரியராக இருந்தவர். கற்ற பெண்கள் சிலர் கூடிய சிறு கழகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர்ச் சந்தையில் வியாபாரம் செய்யும் எழுத்தறியாப் பெண்டிரின் துன்பங்களைக் கேட்டறிந்து, அவர்கட்கு எழுத்துக் கற்பித்து, 1946 இல் அக்கழகத்தைப் பெரிய மாதர் சங்கமாக்கினார். அநியாய வரியை எதிர்த்துப் பாட்டோடு அணிவகுத்துச் சென்ற அவர்கள் முன் நிற்கலாற்றாது, 1949 இல் அந்நகர்த் தலைவரே பதவி துறந்தார். மதுரையில் நாடகக்காரி, அபேயோகுட்டாவிற் பள்ளி ஆசிரியை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தார் என்பதற்கில்லை. ஆயினும் பாட்டைக் கருவியாகவும், சங்கத்தைக் கரையாகவும் கொண்டதில் இருவரும் உடன்பிறந்தார் போன்றவரே.

இனி இந்நாட் கருவியைப் பார்ப்போம். 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே நைஜீரியாவின் வடகிழக்கில், சிபோக் என்னும் ஊர்ப் பள்ளியினின்றும் 276 மாணவியர் ஆயுதம் தாங்கியோராற் கடத்தப்பட்டனர். அவர்களை மீட்டுத் தரும்படி தலைநகர் அபுஜாவில் மாதர் தெருவில் இறங்கினர். அவர்கள் விடுத்த வேண்டுகோள் இணையத்தின் வழியே சில நாட்களில் உலகைச் சுற்றியது. ஓலை ஓரூர் கடக்க ஒரு பகல் வேண்டும். இதற்கு ஒரு நொடி போதும். கருவியின் பெருமை இது. ஆனால் பத்தாண்டு கழிந்தும் அம்மாணவியர் அனைவரும் வீடு திரும்பவில்லை. உலகம் நாளடைவில் வேறு செய்திக்குத் திரும்பிவிட்டது. அபுஜாவில் நாள்தோறும் கூடி நின்ற சிறு கூட்டமே நெடுநாள் அவ்வழக்கைக் கைவிடாது காத்தது. செய்தியைப் பரப்புவது கருவி. செய்தியைக் காப்பது சங்கம். ஜானகி அம்மையார் தம் வாழ்நாளின் பிற்பகுதியை எதற்குச் செலவிட்டார் என்பது இப்போது நன்கு விளங்கும்.

முடிவுரை

மாணவ நண்பர்காள், நம் கையில் உள்ள கைப்பேசி அம்மையார் கனவிலும் காணாத கருவி. நம் குரலை அது கடல் கடந்தும் கொண்டு செல்லும். அவர் பாட்டுப்போற் காற்றிற் கரைய விடாது சேர்த்தும் வைக்கும். ஆயினும் ஒரு வீட்டில் ஒரே கருவி இருந்து அஃது ஆடவர் கையிலேயே தங்குமாயின், அங்குள்ள பெண்ணுக்கு அது பழைய காலத்துப் பத்திரிகையே ஆகும். பேசத் துணிந்த பெண்ணை அவள் சொல்லாற் பாராது, உடையாலும் தொழிலாலும் குலத்தாலும் பார்த்து இகழும் வழக்கம் கருவியினுள்ளும் புகுந்துவிடுமாயின், அம்மையார் எதிர்த்து நின்ற ஊர்வாயே புதிய உருவில் வந்ததாகும். அப்பொழுது அங்கே மௌனமாக இருப்பவர், விசுவநாத தாசருடன் நடிக்க மறுத்தவர் வரிசையில் நிற்பவரே.

நாடகம் முடிந்து விளக்கணைத்த பின்னும் அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. வயலுக்கும் சிறைக்கும் சட்டசபைக்கும் அம்மேடையையே சுமந்து சென்றார். எட்டாம் வகுப்பளவே கற்ற ஒருவர், தாம் பெற்ற ஒரே செல்வமாகிய குரலைப் பிறர்க்கெனச் செலவிட்டார். அவரினும் பல மடங்கு கற்கும் பேறு பெற்ற நாம், நம் கல்வியையும் கருவியையும் எவர்க்கெனச் செலவிடப் போகின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டறிதல் வேண்டும்.